சோர்ந்த கற்களின் மலையில் நசீமாவைத் தேடிய நாள்

1

நேற்று மாலை பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஹூலியா தன் ரொட்டி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் வாசலில் நின்றாள். "போன வருஷம் இதே வாரம்தானே?" என்று கேட்டாள். ஆமாம், இதே வாரம்தான். ஒரு ரொட்டியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். இந்த ஊரில் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்த சங்கதி அது. நம் ஊரில் யாருக்கும் தெரியாது. மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் என் நாத்தனாருக்குக்கூட நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

என் பெயர் மும்தாஜ். பிறந்தது பர்கூரில். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; நெடுஞ்சாலை ஓரத்தில் என் அத்தாவுக்கு லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை. கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளிக்குப் போனேன். என் கணவர் கரீம் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்தார். பாறையில் துளை போடும் இயந்திரங்களையும் அவற்றுக்கான கம்ப்ரசர்களையும் அங்கே செய்தார்கள். அவற்றில் சில தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டுக்குப் போயின. அவற்றைப் பழுது பார்க்க ஓர் ஆண்டுக்கு என்று சொல்லி இவரையும் பின்னாலேயே அனுப்பினார்கள். ஆண்டு முடிந்ததும் இங்கிருக்கும் கம்பெனிக்காரர்கள் இவரை விடவில்லை. எண்பதுகளின் கடைசியில் நானும் எங்கள் மகள் நசீமாவும் வந்து சேர்ந்தோம். அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள்.

2

நாங்கள் இருக்கும் ஊரின் பெயர் ஒயாந்தாய்தாம்போ. அந்தப் பெயர் என் வாயில் நுழையவே ஒரு மாதம் பிடித்தது. உருபம்பா ஆற்றங்கரையில் சுற்றிலும் மலை அடைத்து நிற்கும் ஊர். இன்கா அரசர்கள் காலத்தில் போட்ட தெருக்களிலேயே இன்றைக்கும் குடியிருக்கிறார்கள். எங்கள் வாடகை வீட்டுச் சுவரின் கீழ்ப்பாதி அந்தக் காலத்துக் கல், மேல்பாதி பிறகு வந்தவர்கள் வைத்த மண். தெருவோரக் கால்வாயில் பனிமலைத் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டே இருக்கும். கரீமுக்கு ரயில் பாதையில் இன்னும் கீழே சுரங்கப்பாதை வேலை. சில வாரங்களுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் நானும் மகளும்தான்.

நம் ஊரில் நான் நடந்தவள் இல்லை. மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டிலிருந்து மளிகைக் கடை வரை, கடையிலிருந்து வீடு வரை. அவ்வளவுதான் என் நடை. சங்கு ஊதினால் ஷிப்டு மாறும், கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும், நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். அதற்கு முன் பர்கூரில் எங்கள் கடைக்கு எதிரிலேயே மலை இருந்தது. மதியத்தில் விசில் அடித்து வெடி வைப்பார்கள். வீடு ஒருமுறை குலுங்கும். பிறகு கருங்கல் பாளங்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் இறங்கி வரும். அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்க்க எனக்கு ஆசை. பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் விட்டதே இல்லை.

இங்கே யாரும் என்னைத் தடுக்கவில்லை. ரயிலில் வரும் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்கு மேலே இருக்கும் பெரிய கோட்டைப் படிகளில் ஏறுவார்கள், படம் பிடிப்பார்கள், அடுத்த ரயிலைப் பிடித்துப் போய்விடுவார்கள். அவர்கள் போகாத இடங்களுக்கு ஹூலியா என்னைக் கூட்டிப் போனாள். பாறை முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய தானியக் களஞ்சியங்கள், மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால்கள், ஆடு மேய்ப்பவர்கள் மட்டும் ஒதுங்கும் இடிந்த கோயில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை என்றால் கால் தானாகப் பரபரக்க ஆரம்பித்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கச்சிகாத்தா மலைச்சரிவு. அந்தப் பெரிய கோட்டைக்கான கல்லை அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். இளஞ்சிவப்புக் கல். மலையிலிருந்து இறக்கி, ஆற்றைத் தாண்டி, மறுபடி இந்தப் பக்கம் மேலே ஏற்றியிருக்கிறார்கள். லாரி கிடையாது, சக்கரமே கிடையாது. வழியிலேயே விட்டுவிட்டுப் போன கற்கள் இன்னும் கிடக்கின்றன, சில எங்கள் வீட்டு அறையைவிடப் பெரியவை. இங்கிருப்பவர்கள் அவற்றைச் சோர்ந்த கற்கள் என்று சொல்கிறார்கள். பர்கூரில் பார்க்க விடாத கல் குவாரியை உலகத்தின் இந்தக் கோடியில் வந்து பார்த்தேன்.

3

நாங்கள் வந்ததிலிருந்தே இந்த நாடு பயந்துபோய்க் கிடந்தது. எங்கோ மின்கம்பங்களை வெடி வைத்துச் சாய்ப்பார்கள், இங்கே விளக்கு அணையும். மலைக்கிராமங்களில் ஒருநாள் தீவிரவாதிகள் வந்து ஆட்களை இழுத்துப் போனார்கள், மறுநாள் ராணுவம் வந்து இழுத்துப் போனது. அதனால் கிராமத்து ஆட்களே கூட்டமாகச் சேர்ந்து காவல் சுற்ற ஆரம்பித்தார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் கரீம் வேலைக்குப் போகும் ரயிலில் ஒருமுறை குண்டு இருப்பதாகப் புரளி கிளம்பி எல்லோரும் இறங்கி ஓடினார்கள். அன்றிலிருந்து அவர் ஒரே பேச்சாக நின்றார்: நசீமாவை ஓசூருக்கு அனுப்பிவிட வேண்டும்.

"அக்கா வூட்ல இருந்து படிக்கட்டும். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குது. பிப்ரவரி ஆயிடுச்சி, இப்பவே ஏற்பாடு பண்ணாத்தான் ஆவும்" என்றார்.

பயம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் மெதுவாகச் சொன்னார். "அவகிட்ட நான் தமிழ்ல கேக்கறேன், அவ ஸ்பானிஷ்ல பதில் சொல்றா. கொஞ்ச நாள் போனா நானும் அவளும் பேசிக்க மாட்டோம்."

அது உண்மைதான். நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். ஆனால் வாயைத் திறந்தால் இந்த ஊர்ப் பேச்சுதான். தெருப் பிள்ளைகளோடு மலைவாசிகளின் கெச்சுவா மொழியும் பேசுவாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் ஸ்பானிஷில் ஆச்சு என்பாள். வற்புறுத்தினால் ஒன்றும் பேசமாட்டாள்.

நான் நேர் எதிர். ஓசூரில் வீட்டுக்காரம்மாவிடம் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், வீட்டில் தமிழ். எந்த இடத்தில் மாறினேன் என்று எனக்கே தெரியாது. தண்ணீர்க் குழாயடியில் மூன்று மொழியிலும் சண்டை போட்டு ஜெயித்தவள் நான். இங்கே வந்து என் நாக்கு கட்டிக்கொண்டது. மெதுவாகப் பேசினால் ஓரளவு புரியும், திருப்பிச் சொல்ல வராது. கடைக்குப் போனால் கையைக் காட்டுவேன். மற்றதற்கெல்லாம் நசீமா பேசுவாள்.

ஒரு நாள் அடுப்படியில் நின்று கரீமிடம் "சரி, அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டேன். மூக்கண்டப்பள்ளிக்குச் செய்தி போனது. நாத்தனார் ஜமீலா அக்கா சந்தோஷத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையைப் பார்த்துப் பேசியும் விட்டார். நசீமாவிடம் சொல்வதுதான் பாக்கி. அதை என்னிடம் விட்டுவிட்டு கரீம் வேலைக்குப் போய்விட்டார்.

4

வீட்டுக்குள் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மலைமேல் போய் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அது இங்கே பள்ளி விடுமுறைக் காலம், மழைக்காலமும்கூட. ஹூலியாவும் வருவதாக இருந்தாள். ஆனால் ஒரு கல்யாணத்துக்கு ரொட்டி சுட வேண்டியிருந்தது. "கல்லறைக் கோபுரங்களைத் தாண்டி மேலே போகாதே. மேல ஊர்க்காரர்கள் இப்போது ஆளைக் கண்டாலே சந்தேகப்படுகிறார்கள்" என்று சொல்லி அனுப்பினாள்.

பையில் அவித்த முட்டை, கொய்யாப் பழம், அதை நறுக்க ஒரு சமையல் கத்தி, நசீமாவின் கம்பளிச் சட்டை. என் வெளிநாட்டார் அட்டை கூஸ்கோ நகரத்து அலுவலகத்தில் இருந்தது. புதுப்பிக்கக் கொடுத்து மாதக்கணக்காகிவிட்டது. போகும்போதெல்லாம் ஒரு முத்திரை குறைகிறது என்பார்கள், அடுத்த முறை போனால் அந்த முத்திரை போடுகிறவர் லீவு என்பார்கள். அவர்கள் கொடுத்த ரசீதைத்தான் நான் அட்டையாக வைத்திருந்தேன்.

பாலத்தைத் தாண்டி ஏறினோம். நசீமா என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போனாள். சோர்ந்த கற்களில் ஒன்றின்மேல் ஏறி நின்றாள், நான் கிட்டே வந்ததும் இறங்கி மறுபடி முன்னால் போனாள். குவாரிக்குப் பக்கத்தில் இறந்தவர்களை வைக்கக் கட்டிய வட்டமான சிறு கோபுரங்கள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்தோம். எதிரே பனிமலை தெரியவில்லை, மேகம் மூடியிருந்தது. முட்டையை உரித்துக் கையில் கொடுத்தேன். பிறகு ஆரம்பித்தேன்.

"நசீமா, உனக்கு ஜமீலா மாமிய ஞாபகம் இருக்குதா?"

அவள் முட்டையைக் கல்லின்மேல் வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து ஓடினாள்.

5

முதலில் நான் பயப்படவில்லை. கோபம்தான் வந்தது. பத்து அடி ஓடி நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் மேலிருந்து மூடுபனி இறங்கி வந்தது. பஞ்சைப் பிரித்துப் போட்டதுபோல் வந்து, பக்கத்துக் கோபுரத்தையும் மறைத்துவிட்டது. "நசீமா! அடியே நசீமா!" என்று கத்தினேன். என் குரல் என்னைச் சுற்றியே நின்றது.

கோபுரம் கோபுரமாகக் கையை வைத்துத் தேடினேன். அந்தச் சரிவில் குவாரிக்காரர்கள் கல் உருட்டிவிட்ட பள்ளங்கள் உண்டு. ஈரத்தில் ஒரு கால் வழுக்கினால் கீழே ஆறுதான். மழை தூற ஆரம்பித்தது. மேலே போகும் ஒற்றையடிப் பாதையில் ஈர மண்ணில் சின்னக் கால் தடம் போல் ஒன்று தெரிந்தது. ஹூலியா சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஏறினேன்.

எவ்வளவு தூரம் போனேனோ தெரியாது. பனிக்குள்ளிருந்து ஒரு நாய் குரைத்தது. பின்னால் ஆட்கள். ஐந்தாறு பேர், மேலே போர்வை, காதை மூடிய குல்லாய், கையில் தோல் சாட்டை. முன்னால் நின்ற தொப்பிக்காரர் தோளில் ஒரு பழைய துப்பாக்கி. எனக்கு மனிதர்களைக் கண்ட சந்தோஷம். ஓடிப்போய், தெரிந்த ஸ்பானிஷ் வார்த்தைகளை ஒன்றாகச் சேர்த்துச் சொன்னேன்:

"புஸ்கோ நீன்யா. நீன்யா. பாரா யெவார்!"

என் பெண்ணைத் தேடுகிறேன், வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சொன்னதாகத்தான் நான் நினைத்தேன். 'என்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். 'பாரா யெவார்' என்பதை ரொட்டிக் கடையில் கேட்டுக் கற்றிருந்தேன். நம் ஓட்டலில் பார்சல் என்கிறோமே, அதுதான். அவர்கள் காதில் விழுந்தது இதுதான்: "ஒரு பெண்குழந்தை தேடுகிறேன். எடுத்துப்போக."

தொப்பிக்காரரின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஏன் மாறியது என்று தெரியவில்லை. ஆகவே இன்னும் சத்தமாக அதையே திரும்பச் சொன்னேன்.

இரண்டு பேர் என் கைகளைப் பிடித்தார்கள்.

6

அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கூரை வேய்ந்த பத்துப் பதினைந்து வீடுகள், நடுவில் கூட்டம் போடும் ஒரு நீள அறை. அதற்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பையைக் கவிழ்த்தார்கள். முதலில் கத்தி விழுந்தது. பிறகு குழந்தையின் கம்பளிச் சட்டை.

அறைக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. வாசலில் நின்ற ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த மழைக்காலம் முழுக்க ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருந்தது. அந்நியர்கள் வந்து பிள்ளைகளைப் பிடித்துப்போய்க் கண்ணை எடுத்துவிடுகிறார்கள் என்று. ஹூலியா சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

"மி ஈஹா! என் மகள்! என் மகள்!" என்று கத்தினேன்.

தொப்பிக்காரர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "முதலில் ஒரு பெண் என்றாய். இப்போது மகள் என்கிறாய்."

அட்டையைக் கேட்டார். ரசீதைக் கொடுத்தேன். மழையில் மை முழுக்கக் கரைந்து நீலத் தண்ணீராக வழிந்திருந்தது. அவர் அதை விரல் நுனியில் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

நான் பேசப் பேச மோசமானது. வினைச்சொல் வரவில்லை. மேலே, கீழே, மகள், பனி, ஓடினாள் என்று தனித்தனி வார்த்தைகளாக விழுந்தன. போய்த் தேடுங்கள் என்று சொல்லத் தெரியாமல் வாசலைக் காட்டி அழுதேன். தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைத்து வாசலில் இன்னொருவரை நிறுத்தினார்கள். ஒருவர் சாட்டையைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் அக்கா வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். கிருஷ்ணகிரியிலிருந்து லாரி ஓட்டுகிறவர். தண்ணீர்ச் சண்டை கலவரமாக மாறிய நாட்களில், எல்லை தாண்டி அந்தப் பக்கம் ஒரு கூட்டம் அவர் வண்டியை மறித்துக்கொண்டது. பேசு என்றார்கள். அவர் கன்னடத்தில் பேசினார், அங்கேயே பிறந்தவர்போல். ஒரு ஆள் திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு விட்டான். "நாக்கு கொஞ்சம் பெசகியிருந்தா வண்டியோட சேத்துக் கொளுத்தியிருப்பானுங்க மும்தாஜு" என்று போனில் என்னிடம் சொன்னார். எனக்கு நாக்கு பிசகிவிட்டது. அவ்வளவுதான், என்று நினைத்தேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால், என்னை என்ன செய்வார்கள் என்பது மனதின் ஓரத்தில்தான் இருந்தது. வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. என் பிள்ளை கம்பளிச் சட்டைகூட இல்லாமல் அந்தப் பள்ளங்களுக்கு நடுவே எங்கோ இருந்தாள். இவர்கள் என்னைக் காவல் காக்கிறார்கள், அவளைத் தேட ஒருவரும் இல்லை.

7

நசீமாவைக் கொண்டுவந்தது பவுலா என்ற பெண். அந்த ஊர்ப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் வயதுதான் இருக்கும். ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போது கோபுரம் ஒன்றுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்திருக்கிறாள். தன் போர்வையில் சுற்றி அழைத்து வந்தாள்.

நான் எழுந்து ஓடினேன். குறுக்கே சாட்டைக்காரர்கள் நின்றார்கள். அவளை அந்தச் சுவரோரம், என்னை இந்தச் சுவரோரம். தொப்பிக்காரர் நசீமாவிடம் கெச்சுவாவில் கேட்டார், பிறகு ஸ்பானிஷில் கேட்டார். அவள் உதடெல்லாம் நீலமாக, நடுங்கிக்கொண்டே, "அது என் அம்மா" என்றாள்.

"அம்மாவிடமிருந்து ஏன் ஒளிந்தாய்?"

நசீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன்னை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாளா?"

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள். ஆமாம்.

அந்தத் தலையசைப்பில் அறையே நகர்ந்து என் பக்கம் வந்ததுபோல் இருந்தது. ஒருவர் என் தோளை அழுத்திப் பிடித்தார். நசீமா பதறிப்போய் ஏதேதோ ஸ்பானிஷில் சொன்னாள், அழுகையில் ஒன்றும் விளங்கவில்லை. மிரட்டிச் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. குழந்தைக்கு ஏதாவது குடிக்கக் கொடுத்திருப்பாள் என்று இன்னொரு குரல்.

பவுலா கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினாள். என் முன் வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சின்னச் சின்ன வார்த்தைகளாகச் சொன்னாள்: "நீ அவளிடம் கேள். உன் பேச்சில் கேள். ஏன் ஓடினாள் என்று கேள்."

நான் நசீமாவைப் பார்த்தேன். அவள் தமிழில் வாய் திறந்து எவ்வளவு நாளாகிவிட்டது! இப்போது ஸ்பானிஷில் பதில் சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் பேசாமல் நின்றால்?

"எதுக்கோசரம்டி ஓடினே?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

"கேக்கறேன்ல! எதுக்கோசரம் என்ன வுட்டுட்டு ஓடினே?"

"நீங்க சரின்னு சொன்னீங்க" என்றாள். தமிழில்.

"என்னா சரின்னு சொன்னேன்?"

"அத்தாகிட்ட. அடுப்பாண்ட நின்னு. நான் தூங்கல. எல்லாம் கேட்டுக்கினுதான் இருந்தேன். சரி, அனுப்பிடலாம்னு சொன்னீங்க. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உன் நல்லதுக்கோசரம்தானடி சொன்னேன்."

"எனக்கு அங்க யாரத் தெரியும்? மாமி மூஞ்சியே எனக்கு ஞாபகம் இல்ல!"

"அதுக்கு? மழையில வந்து செத்தவங்க வூட்ல போயி ஒளிஞ்சிக்குவியா? கால் வழுக்கி வுழுந்திருந்தா நான் எங்கடி போயி தேடறது? யாருகிட்டப் போயி கேக்கறது? இங்க பாரு, வாய் இல்லாதவ மாதிரி நிக்கறேன்!"

"நீங்கதான் என்ன வுட்டுட்டு இங்கயே இருக்கப் போறீங்கல்ல! அப்புறம் எதுக்குத் தேடறீங்க?"

அதற்குப் பதில் தெரியாததால்தான் கை எழுந்தது. தோளைப் பிடித்திருந்தவரை உதறிவிட்டு, அறையின் குறுக்கே போய் அவள்முன் கையை ஓங்கி நின்றேன். சாட்டைக்காரர் பாய்ந்து வந்தார். நசீமா அசையவில்லை. மோவாயைத் தூக்கிக்கொண்டு, "அடிங்க! அடிங்களேன்! அடிச்சிட்டு அனுப்புங்க!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே என் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பவுலா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் ஓங்கிய கை இறங்கியது.

"விடுங்கள், போதும்" என்று அவள் ஆண்களைப் பார்த்துச் சொன்னாள். "திருட வந்தவளைப் பார்த்து எந்தக் குழந்தையும் இப்படி எதிர்த்துப் பேசாது. திருடிய குழந்தையை யாரும் இப்படித் திட்டவும் மாட்டார்கள். என் வீட்டுக்கு வந்து பாருங்கள், தினமும் இதுதான்."

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஆண்களில் இரண்டொருவர். தொப்பிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நசீமாவின் முன் உட்கார்ந்து, நாங்கள் என்ன பேசினோம் என்று கேட்டார். அவள் விக்கி விக்கி ஸ்பானிஷில் சொன்னாள். முழுவதையும் கேட்டுவிட்டு, கத்தியை எடுத்துப் பிடிப் பக்கமாக என்னிடம் நீட்டினார். பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கம் ஓர் ஊரில் சென்ற மாதம் ஒரு குழந்தை காணாமல் போய்விட்டது, இன்னும் கிடைக்கவில்லை என்றார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னைப்போன்ற ஒருத்தியை விட்டிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவித்த உருளைக்கிழங்கை ஒரு துணியில் கொட்டி எங்கள் முன் வைத்தார்கள். நசீமா என் மடியில் சாய்ந்தபடி தின்றாள். சாட்டை வைத்திருந்தவரே ஆற்றுப் பாலம் வரை வழிகாட்டி வந்தார். வழுக்கும் இடங்களில் நசீமாவைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

8

கரீம் வந்ததும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது.

"இதுக்குத்தான் சொல்றேன். இந்த ஊரு ஆவாது. மொதல்ல அவள அனுப்பிடலாம்."

"ஆவாதுன்னா மூணு பேருக்கும் ஆவாதுங்க. போறதா இருந்தா மூணு பேரும் போலாம். அவள மட்டும் அனுப்ப மாட்டேன்."

"ஓசூர்ல இப்படி ஒண்ணு நடக்குமா?"

"நம்ம கிருஷ்ணகிரி மச்சான் லாரிய மறிச்சது எந்த ஊர்லங்க?"

அவர் சாப்பாட்டைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "அக்காகிட்ட நீயே சொல்லிடு. என்னால ஆவாது" என்றார். அவ்வளவுதான் அவருடைய சம்மதம்.

பஸ் பிடித்து உருபம்பா நகரத்துத் தொலைபேசி நிலையத்துக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் நசீமாவும் நெருக்கி நின்றோம். லைன் கிடைத்ததும் ஜமீலா அக்கா, கட்டில் வாங்கிப் போட்டிருப்பதையும் ஜன்னல் ஓரமாகப் படிக்க மேஜை போட்டிருப்பதையும் மூச்சு விடாமல் சொன்னார். முடித்த பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். மலையையும் சாட்டையையும் விட்டுவிட்டு, பிள்ளைக்கு வர மனசில்லை என்று மட்டும் சொன்னேன்.

அப்படியானால் கட்டில் யாருக்கு என்றார் ஜமீலா அக்கா. பிறகு அவர், "என் வளர்ப்பு ஆவாதுன்னு நெனச்சிட்டியா மும்தாஜு?" என்றார்.

அவருக்குப் பிள்ளை இல்லை. "அப்படி இல்லக்கா" என்று ஆரம்பித்தேன். நசீமா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"மாமி, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நசீமா பேசறேன்." வார்த்தையைத் தேடித் தேடி எடுத்தாள். "லீவுக்கு வர்றேன் மாமி. அந்தக் கட்டில்ல படுத்துக்கறேன். அங்கயே இருக்க வரமாட்டேன். அம்மாவுக்கு இங்க பாஷை தெரியாது. ஆனா சும்மா இருக்க மாட்டாங்க, மலை மலையா ஏறுவாங்க. நான் இல்லாட்டி அவங்களுக்கு யாரு வழி கேப்பாங்க?"

அந்தப் பக்கம் ஜமீலா அக்கா ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நசீமா புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, ரிசீவரின் வாயைக் கையால் பொத்தி என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, வாயாடின்னா என்னா?"

சொன்னேன். அவள் யோசித்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "ஆமா மாமி, அம்மா மாதிரியேதான்" என்றாள்.